முதல் வரியில் உண்மையை எழுதுங்கள்

"என் கணினியில் ஓடுகிறதே" என்ற பதிலை இனியும் ஏற்கக் கூடாது. பில்ட் ஸ்கிரிப்டின் முதல் வரியில் எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு, உள்ளே பாஷ் ஷெல்லுக்கான பாணியில் எழுதுகிறோம். உபுண்டு 2006இலேயே, 6.10 பதிப்பில், எஸ்ஹெச்சுக்குப் பின்னால் இருந்த பாஷை எடுத்துவிட்டு வேகமான டாஷ் ஷெல்லை வைத்துவிட்டது. ஒப்பிட இரண்டு சமக்குறி போட்டால் பாஷ் ஏற்கும்; டாஷ் 'அன்எக்ஸ்பெக்டட் ஆபரேட்டர்' என்று சொல்லும். மேக்குடன் வரும் பாஷோ இன்னும் 3.2தான், அசோசியேட்டிவ் அர்ரே அதில் கிடையாது. திட்டத்துக்குப் புதிதாகப் பங்களிக்க வரும் மாணவர் இந்தப் பிழையில் சிக்கி, தவறு தன்னுடையதென்று நினைத்துத் திரும்பிப் போகிறார். அதுதான் பொறுக்கவில்லை. பாஷ் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே பாஷ் என்று எழுதுங்கள். இல்லையென்றால் போசிக்ஸ் தரத்தின் வரம்புக்குள் எழுதி, ஷெல்செக் கருவியில் சரிபார்த்து, டாஷிலும் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.