வரப்புக்கு விஷம், தலைக்கு மூலிகையா?

டவுன்ல மூலிகைக் கடைக்குப் போனா, பொடுகுத் தைலம் பாட்டில் மேல 'பொடுதலை'ன்னு போட்டிருக்கும். அதே பொடுதலையை மடத்துக்குளம் பக்கம் களைன்னு சொல்லி மருந்தடிச்சுக் கருக்கறாங்க. இந்த ரெண்டையும் சேர்த்து யாரும் பேசறதில்லை. நான் பேசறேன், கோவிச்சுக்காதீங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பொடுதலை தரையோட படர்ற செடி. ஒரு தடவை பிடிச்சா வருஷக்கணக்கா நிக்கும். தீக்குச்சித் தலை மாதிரி சின்னக் கதிர், அதைச் சுத்தி வெள்ளையும் இளஞ்சிவப்புமா பூ. கதிர் திப்பிலி மாதிரி இருக்கறதால வடமொழியில 'ஜலபிப்பலி', தண்ணித் திப்பிலின்னு பேரு. ஈரம் எங்கயோ அங்க இது இருக்கும். அமராவதி பழைய ஆயக்கட்டுல குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர்னு ராஜவாய்க்கால் பாயற ஊர்களுக்கு இது பழகின செடி.

இது களையே இல்லை. ஒவ்வொரு கணுவுலயும் வேர் விட்டு, பாய் விரிச்ச மாதிரி மண்ணைப் பிடிச்சுக்கும். தரையோட கிடக்கறதால நெல்லுக்கு நிழல் கட்டாது. பூவுக்குத் தேனீ வரும். மருந்தடிச்ச வரப்போ மொட்டையாகி, அடுத்த பெருமழைக்கு ஓரம் கரைஞ்சு வயலுக்குள்ள சரியும்.

விவசாயி சோம்பேறி ஆயிட்டான்னு சொல்லாதீங்க. ஆள் இல்லை. காலையில பனியன் கம்பெனி பஸ் ஊருக்குள்ளயே வந்து ஆளை ஏத்திட்டுப் போகுது. போறவங்களைக் குத்தம் சொல்லலை. நிழல்ல வேலை, வாராவாரம் சம்பளம். வரப்பு செதுக்க நாலு ஆள் தேடறதை விட ஒரு டேங்க் மருந்து லேசு. ஆனா அந்தக் கணக்குல, சரிஞ்ச வரப்பைத் திரும்பக் கட்டற கூலியை யாரும் எழுதறதில்லை.

அடிக்கற மருந்துல முக்கியமானது கிளைபோசேட். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2015லயே இதை மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்னு வகைப்படுத்துச்சு. அமெரிக்க அரசு அதை ஒத்துக்கலை, அதையும் சொல்லிடறேன். நம்ம மத்திய அரசு 2022 அக்டோபர்ல, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்யறவங்க மூலமாத்தான் இதை அடிக்கணும்னு கட்டுப்பாடு போட்டுச்சு. மூக்குல துணி கூடக் கட்டாம வரப்புல டேங்க் தூக்கற கூலிக்காரர் அந்தக் கணக்குல வருவாரா?

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். மூலிகை பறிக்கறவங்க இலையை வரப்புலயும் வாய்க்கா கரையிலயும்தான் சாக்குல அள்ளறாங்க. அது நேத்து மருந்தடிச்ச இடமான்னு இலை சொல்லாது. நீங்க பாட்டில் விலையைக் கேக்கறீங்க, பறிச்ச வரப்பைக் கேக்கறதில்லை.

கலிபோர்னியாவுல என்ன நடக்குது தெரியுங்களா? இதே செடியில ஜப்பான்காரங்க உருவாக்கின ஒரு ரகத்தை 'குராப்பியா'ன்னு பேர் வெச்சு விக்கறாங்க. தண்ணி கம்மியாப் போதும்னு புல்தரைக்குப் பதிலா அதைக் காசு குடுத்து வாங்கி நடறாங்க. நாம காசு குடுத்துக் கொல்றோம்.

முடிஞ்சவங்க வீட்லயே வளருங்க. கணுவோட ஒரு துண்டு, அகலமான தொட்டி, நல்ல வெயில், மண் காயாம தண்ணி, அவ்வளவுதான். இலைச் சாறும் நல்லெண்ணெயும் சம அளவு எடுத்து, ஈரம் வத்தற வரைக்கும் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கறது ஊர்ப் பழக்கம். உளுந்து, சின்ன வெங்காயம் வதக்கித் துவையலும் அரைப்பாங்க.

வாங்கறவங்க கடையில ஒரு கேள்வி கேளுங்க: "இலை எந்த வரப்புல பறிச்சது?" நாலு பேர் கேட்டா கடைக்காரர் பறிக்கறவரைக் கேப்பார். அவர் வயக்காரரைக் கேப்பார். மருந்து படாத வரப்புக்குன்னு நாலு காசு கிடைச்சா, டேங்க்கைக் கீழ இறக்கி வைக்க ஊருக்குள்ள ஒரு காரணம் கிடைக்கும்.