சாளரம் யாருக்கு?

வடபழனித் தெருக்களில் நடந்தால் சுவரெங்கும் விளம்பரம் சிரிக்கிறது. வாஸ்து முறைப்படி அமைந்த வனப்புமிகு வீடுகளாம்! வாசல் எத்திசை, அடுப்பு எம்மூலை என்றெல்லாம் அறிவிக்கிறார்கள். சாளரத்தைத் திறந்தால் காற்று வருமா, பக்கத்துச் சுவர்தான் தெரியுமா என்பதை மட்டும் அறிவிப்பாரில்லை!

வீடு கட்டுவோரும் வாங்குவோரும் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் ஒரு கட்டடத்தைக் காண வேண்டும். ஏழை நோயாளருக்கென 1729-இல் தோன்றிய ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனைக்கு, டேவிட் பிரைஸ் வகுத்த திட்டப்படி 1879-இல் எழுந்த புதுமனை அது. வெளியே பார்த்தால் கோட்டை. உள்ளே நீண்ட கூடங்கள், இருபுறமும் எதிரெதிரே உயர்ந்த சாளரங்கள், சாளரங்களுக்கிடையே கட்டில்கள். கூடங்களின் கோடியில் நிமிர்ந்து நிற்கும் வட்டக் கோபுரங்களுக்குள் இருந்தவை என்ன? அரியணையா? ஆண்டவன் சிலையா? இல்லை, தோழர்களே! கழிப்பிடமும் குளியலறையும்! நோயாளரைத் தூய்மைக்கேடு அணுகாதிருக்க அமைத்த ஏற்பாடு அது.

இத்தகைய அமைப்புக்காக வாதாடியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். மருத்துவமனைகள் பற்றி 1859-இல் நூல் வெளியிட்ட அவர், இரு கட்டிலுக்கு ஒரு சாளரமேனும் வேண்டும் என்றார். கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என அவர் எண்ணியது பிழை. கிருமியே மூலம் எனப் பின்வந்த அறிவியல் காட்டிற்று. பிழை போயிற்று, பயன் நின்றது. காற்றோட்டம் காற்றில் மிதக்கும் கிருமியையும் கலைக்கிறதன்றோ? அறிவு தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். வாஸ்து என்றேனும் தன்னைத் திருத்திக்கொண்டதுண்டா?

2003-இல் மருத்துவமனை வேறிடம் பெயர்ந்தது. பழைய நோயாளர் கூடங்கள் பல விலையுயர்ந்த வீடுகளாயின. ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. “பிணம் கிடந்த மனையில் குடியிருப்பதா?” என்று நம்மூர்ச் சோதிடர் பதறுவார். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, கல்லுக்குத் தீட்டில்லை! இடிக்காமல் காத்த அறிவைப் பாராட்டுகிறோம். ஆனால் ஏழை நோயாளிக்கு உரிமையாய்க் கிடைத்த வெளிச்சம், இன்று பணமுள்ளோர் வாங்கும் பண்டமாயிற்றே! அந்த மாற்றத்தையும் பாராட்டுவதா?

நம் நாட்டு நிலையோ அதனினும் கொடிது. அங்கே மருத்துவமனை வீடாயிற்று. இங்கே வீடே நோயாளியை உண்டாக்குகிறது! மும்பை கோவண்டிப் பகுதியில், அடுத்தடுத்து நெருக்கி எழுப்பிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2018-இல் ஓர் அறிக்கை வந்தது. வெளிச்சமும் காற்றும் குறைந்த வீடுகளில் காசநோய் மிகுந்திருந்ததை அது எடுத்துரைத்தது.

மும்பை வரை போவானேன்? நம்மிடம் பயிலும் பிள்ளைகளின் வீடுகளுக்கு நாம் சென்றிருக்கிறோம். நண்பகலிலும் விளக்கெரியும் ஒற்றை அறை, அதிலே அறுவர். இருமும் சிறுவனின் கையில் மந்திரித்த கயிறு! கயிறு கட்டத் தெரிந்த ஊருக்குக் காற்றுக்கு வழிவிடத் தெரியவில்லையே!

1970-இல் தமிழகம் குடிசை மாற்று வாரியம் கண்டது, பெருமைதான். அப்பெருமை நிலைக்க வேண்டுமானால், ஓலைக்குப் பதில் கற்காரை என்றதோடு நின்றுவிடலாகாது. எழும் ஒவ்வொரு வீட்டிலும் எதிரெதிர்ச் சாளரம் வேண்டும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே கதிரவன் நுழைய இடம் வேண்டும். நம்மவர் கட்டினாலும் கேட்போம், மாற்றார் கட்டினாலும் கேட்போம்!

இளைஞர்களே! வாஸ்துக்காரர் திசைகாட்டியோடு வருவார். நீங்கள் அளவு நாடாவோடு செல்லுங்கள். சுவரை அளவுங்கள், சாளரத்தை அளவுங்கள், இடைவெளியை அளவுங்கள். குறை கண்டால் எழுதுங்கள், கேளுங்கள், போராடுங்கள். நோயுற்றவனுக்கு அன்று உரிமையாயிருந்த சாளரம், நோயுறாது வாழ விரும்பும் ஏழைக்கும் உரிமையாகட்டும்!