தாக்குதல் வேறு, இழப்பு வேறு

2023 ஓகஸ்ட் இறுதியில், 'லங்கா கவர்மன்ட் கிளவுட்' எனப்படும் அரச மேகக் கணினித் தளத்தில் கப்ப மென்பொருள், அதாவது கோப்புகளைச் சங்கேதமாக்கிப் பூட்டிவிட்டு அவற்றைத் திறப்பதற்குப் பணம் கேட்கும் தீநிரல், புகுந்ததன் விளைவாக, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 கணக்குகளில் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளக் கிடைக்காமற் போயின. முறைமை 12 மணித்தியாலத்துக்குள் இயங்கத் தொடங்கியபோதும் அக்காலப்பகுதிக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. தாக்குதலே காரணம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. கணினித் துறையில் பணிபுரிவோர் அவ்விடையோடு நின்றுவிடக் கூடாது என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

காரணத்தை முறைப்படி ஆராய முனைவோர், எந்த நிகழ்வுக்கு விளக்கம் தேடப்படுகிறது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் பீலபெல்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லாட்கினும் அவருடைய குழுவினரும் 1990களில் வளர்த்தெடுத்து, விமான விபத்துகளின் மீது பயன்படுத்திய 'ஏன்-ஏனெனில்' பகுப்பாய்வு, மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1973இல் முன்வைத்த கருத்தைச் சோதனையாகக் கொள்கிறது: முன்னது நிகழ்ந்திராவிட்டால் பின்னதும் நிகழ்ந்திராது என்று காட்ட முடிந்தால், முன்னது பின்னதற்குக் காரணக் கூறாகும். தாக்குதல் நடந்திராவிட்டால் மடல்கள் அழிந்திரா என்பது உண்மை. ஆனால் வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட நாளாந்தப் பிரதி இருந்திருந்தால், தாக்குதல் அப்படியே நடந்திருக்கும், அழிவோ ஓரிரு நாள் மடல்களோடு நின்றிருக்கும் என்பதும் அதேயளவு உண்மை. ஆகவே பிரதி இல்லாமை தாக்குதலுக்குக் காரணமன்று, இழப்புக்குக் காரணம்.

நடவாத ஒன்று எவ்வாறு காரணமாகும் என்று கேட்கப்படலாம். நடவாதவை எண்ணிறந்தவை என்பதால், எதைச் செய்யும் கடமை ஒருவருக்கு இருந்ததோ அதைச் செய்யாமை மட்டுமே, காரணக் கூறுகளை அம்புக்குறிகளால் இணைத்து இப்பகுப்பாய்வில் வரையப்படும் காரண வரைபடத்தில் இடம்பெறத் தக்கது. பிரதியெடுத்தல் அத்தகைய கடமை.

மென்பொருளின் பழமை குறித்து இதைவிடக் கூடிய எச்சரிக்கை தேவை. மின்னஞ்சல் இயங்கிய மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11இல் முடிவுற்றது; இழப்புக் காலம் தொடங்கியது மே 17இல். இரு திகதிகளும் அடுத்தடுத்து வருவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. தீநிரல் எந்த ஓட்டையால் நுழைந்தது என்பதைப் பதிவேடுகளால் நிறுவும் வரையில், பழைய பதிப்பிலிருந்து தாக்குதலுக்குச் செல்லும் அம்புக்குறி புள்ளிக்கோடாகவே வரையப்பட வேண்டும். பதிப்பை உயர்த்தும் திட்டம் 2021இலிருந்தே இருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய சபைத் தீர்மானங்கள் சிலவற்றாலும் அது தாமதமானதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே தெரிவித்திருந்தது. வரைபடத்தின் மேற்பகுதியில் எழுதப்பட வேண்டியது இதுவே.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று அலுவலகங்களில் கணினியைப் பராமரிப்போருக்கு இப்பகுப்பாய்வு தொலைவான விடயமன்று. காப்புக்கென வாங்கிய வெளி வன்தட்டு வேலை முடிந்தும் கழற்றப்படாமல் அதே கணினியில் செருகியபடியே இருக்குமானால், மூலத்தைப் பூட்டும் தீநிரல் பிரதியையும் பூட்டிவிடும். இரண்டு பிரதிகள் என்று கணக்கு வைத்தாலும், ஒரே காரணத்தால் இரண்டும் வீழக்கூடிய நிலையில் அவை உண்மையில் ஒன்றே. இதற்குப் பொதுக்காரணத் தோல்வி என்று பெயர். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது, காணி உறுதியையும் அதன் போட்டோப் பிரதியையும் ஒரே அலுமாரியில் வைத்திருந்த குடும்பங்கள் இரண்டையும் ஒருங்கே இழந்ததை இக்கரையோரத்தார் விளங்கிக்கொள்ள நூல் எதுவும் தேவையில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி பயில்வோருக்கு, நிரலெழுதக் கற்பிக்கும் அதே கண்டிப்போடு இவ்வகை வரைபடத்தை வரையவும் கற்பிப்பது நன்று.

வரைபடத்தின் பயன், திருத்த நடவடிக்கைகளை அதன் மீது வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும். சம்பவத்தின் பின் முகவர் நிலையம் இரண்டை அறிவித்தது: வலையமைப்புக்கு வெளியே நாளாந்தப் பிரதி எடுத்தல், மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்துதல். முன்னது இழப்பு என்ற முடிச்சுக்குச் செல்லும் அம்பைத் துண்டிக்கிறது. பின்னது புள்ளிக்கோட்டை வலுவிழக்கச் செய்கிறது. 2021இலிருந்து மேம்படுத்தலைத் தாமதப்படுத்திய நிதிப் பற்றாக்குறையும் சபைத் தீர்மானங்களும் இவ்விரண்டாலும் தொடப்படவில்லை. அதே வகையான தாமதம், மேம்படுத்தப்பட்ட பதிப்பும் காலாவதியாகும் நாளில் மறுபடியும் நேரக்கூடும்.