தீட்டுப்படாத தீவு

கிரேக்கத் தீவுகளுக்குப் போய்வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் வெள்ளைச் சுவர்களும் நீலக் கதவுகளும் சூரிய அஸ்தமனமும் தவறாமல் இடம்பெறும். நான் எழுதவிருப்பது ஒரு பிரசவத் தடைச் சட்டத்தைப் பற்றி.

ஜெர்மனியில் வேலைபார்க்கும் என் தங்கை போன கோடையில் எனக்கும் சேர்த்து உல்லாசக் கப்பலில் டிக்கெட் எடுத்திருந்தாள். கப்பல் மிக்கோனோஸ் தீவில் நின்ற அன்று காலை எட்டு மணிக்கு இறக்கிவிட்டு, மாலை ஐந்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். இறங்கியவர்களில் பெரும்பாலோர் காற்றாலைகளைப் படமெடுக்கவும் கடைத்தெருவுக்குமாகப் பிரிந்தார்கள். நாங்கள் பழைய துறைமுகத்திலிருந்து அரைமணி நேரப் படகுப் பயணத்தில் டீலோஸுக்குப் போனோம்.

டீலோஸ் ஐந்து கிலோமீட்டர் நீளம்கூட எட்டாத பாறைத் தீவு. 1990 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். காவலர்கள், அகழாய்வாளர்கள் தவிர யாரும் அங்கே இரவு தங்க முடியாது. எங்களை அழைத்துப்போன வழிகாட்டி நன்றாகக் கதை சொல்பவர். லேட்டோவின் கதையைச் சொன்னார். ஜீயஸால் கர்ப்பமான லேட்டோ நிறைமாதத்தில் அலைகிறாள். ஜீயஸின் மனைவி ஹீராவின் கோபத்துக்கு அஞ்சி எந்த நிலமும் அவளுக்கு இடம் தரவில்லை. கடைசியில் இந்த வறண்ட தீவுதான் ஏற்றுக்கொள்கிறது. ஒன்பது பகலும் ஒன்பது இரவும் வலியில் கிடந்து, ஒரு பேரீச்ச மரத்தைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு அப்போலோவைப் பெறுகிறாள். வழிகாட்டி கண்சிமிட்டிக்கொண்டு முடித்தார்: “பார்த்தீர்களா, பெண்ணுக்கு எதிரி எப்போதும் பெண்தான்.” கூட்டம் சிரித்தது. பெண்களும்தான்.

அந்தக் கதையிலேயே அவர் சொல்லாமல் விட்ட பகுதி இருக்கிறது. பிரசவ தெய்வமான ஐலைத்தையாவை ஹீரா ஒலிம்பஸில் பிடித்துவைத்திருந்தபோது, லேட்டோவைச் சுற்றி நின்றவர்கள் பெண்தெய்வங்கள். அவர்கள்தாம் தூது அனுப்பினார்கள். ஒன்பது முழ மாலை தருவதாகச் சொல்லி மருத்துவச்சியை வரவழைத்தார்கள். ஒருத்தி தடுத்தாள் என்பது மட்டும் பழமொழியாகிவிட்டது. பலபேர் கூடிப் பிரசவம் பார்த்தது யாருக்கும் நினைவில்லை. ஒன்பது நாளும் ஜீயஸ் எங்கே போயிருந்தார் என்று கேட்கவும் ஆளில்லை.

அடுத்து வழிகாட்டி ஒற்றை வரியில் சொன்னதுதான் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. “இங்கே பிறக்கவும் தடை, இறக்கவும் தடை, அவ்வளவு புனிதம்!” மறுபடியும் சிரிப்பு.

அந்தத் தடையின் வரலாற்றைத் துசிடிடீஸ் பதிவுசெய்திருக்கிறார். கி.மு. 426ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் அரசு டீலோஸைத் ‘தூய்மை’ செய்தது. தீவிலிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி எடுத்தது. இனி இங்கே யாரும் சாகக் கூடாது, யாரும் பிள்ளை பெறக் கூடாது, சாகக்கிடப்பவர்களையும் பிரசவ நேரம் நெருங்கியவர்களையும் எதிரே இருக்கும் ரெனியா தீவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அறிவித்தது. அதுவும் போதவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, டீலோஸ் மக்களே தூய்மையற்றவர்கள் என்று மொத்தமாக வெளியேற்றியது. அடுத்த ஆண்டு திரும்ப அனுமதித்தார்கள் என்றாலும், ‘தூய்மை’ எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு பெண்ணின் பிரசவத்தால்தான் இந்தத் தீவு புனிதமானது. அந்தப் புனிதத்தைக் காப்பாற்ற முதலில் துரத்தப்பட்டவர்களில் பிரசவிக்கும் பெண்களும் இருந்தார்கள். பெற்றவள் தெய்வத்தின் தாய் என்றால் கோயில். பக்கத்து வீட்டுக்காரி என்றால் படகு. இடுப்பு வலியோடு ஏஜியன் கடல் காற்றில், ஆடும் படகில் ஏற்றப்பட்ட பெண்ணை யாராவது சிற்பமாக வடித்திருக்கிறார்களா என்று அந்த வெயிலில் தேடினேன். நான் பார்த்தவரை இல்லை.

இதைக் கிரேக்க விநோதமாகப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. தமிழ் படித்துப் பாடம் நடத்துகிறவள் நான். புறநானூற்றின் 299ஆம் பாட்டில், முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்கள் போரில் பின்வாங்கிய குதிரைகளுக்கு உவமையாக வருகிறார்கள். எழுதியவர் பொன்முடியார், பெண்பாற் புலவர். மதுரை மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் மாதவிடாய்ப் பெண்களையும் பிள்ளை பெற்றவர்களையும் ஒதுக்கிவைக்கும் ‘முட்டுத்துறை’ நம் காலத்திலும் இருந்துவருகிறது. பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு என்று நம் வீடுகளில் நாள் கணக்குப் பார்க்கும் எவருக்கும் ரெனியா அந்நிய ஊர் அல்ல.

டீலோஸின் புனிதம் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். கி.மு. 166இல் ரோம் இதை வரியில்லாத் துறைமுகமாக்கி ஏதென்ஸிடம் கொடுத்தது. ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி விற்கக்கூடிய இடம் என்று ஸ்ட்ராபோ எழுதினார். விற்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் வயிற்றில் பிள்ளையோடு இறங்கியவர்கள்? அடிமைச் சந்தையால் தீவுக்குத் தீட்டு வந்ததாக யாரும் கல்லறைகளைத் தோண்டவில்லை.

அங்கே பெயரோடு மிஞ்சிய பெண்களும் உண்டு. நாக்ஸோஸ் தீவைச் சேர்ந்த நிக்காண்ட்ரே கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிஸுக்கு ஆளுயரப் பளிங்குச் சிலை ஒன்றைக் காணிக்கையாக்கினாள். டீலோஸில் கிடைத்த அது இப்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலையிலேயே அவள் பெயர் பொறித்திருக்கிறது; கூடவே அவள் யாருடைய மகள், யாருடைய தங்கை, யாருடைய மனைவி என்பதும். காணிக்கை அவளுடையது. ஆனாலும் தன்னை அடையாளம் காட்ட மூன்று ஆண்கள் தேவைப்பட்டார்கள்.

மாலை கப்பலுக்குத் திரும்பினோம். முன்பதிவு நிபந்தனைகளைத் தங்கையின் கைபேசியில் மறுபடி படித்தேன். 24 வாரக் கர்ப்பத்தை எட்டிய பெண்களுக்குக் கப்பலில் அனுமதியில்லை. பெரும்பாலான உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் வைத்திருக்கும் விதிதான் இது. “அக்கா, அது பாதுகாப்புக்காக. நடுக்கடலில் குறைப்பிரசவம் ஆனால் என்ன செய்வார்கள்?” என்றாள் தங்கை. பயணியைப் பொறுத்தவரை அது நியாயம்தான். பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கு அங்கே வழியில்லை. ஆனால் அந்த மிதக்கும் ஊரில் சூதாட்டக் கூடமும் நீச்சல் குளங்களும் உண்டு. இப்படிப்பட்ட பெரிய கப்பல்களில் பிணங்களை வைக்கக் குளிரறைகூட உண்டு. இடம் எதற்கு ஒதுக்குவது என்பது மருத்துவம் மட்டும் முடிவுசெய்கிற விஷயமில்லை.

பயணி அடுத்த வருடம் வந்துகொள்வாள். வேலைக்காரி? எங்கள் அறையைச் சுத்தம் செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் கேட்டேன். மூன்று வயது மகனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு எட்டு மாத ஒப்பந்தத்தில் வந்திருந்தாள். ஏறும் முன்பு கர்ப்பப் பரிசோதனை செய்தார்களாம். கப்பலில் கர்ப்பம் தெரிந்தால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்களாம். “திரும்ப எடுப்பார்களா?” “இடம் இருந்தால், மேடம்.” கடல்சார் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தமே வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. எங்கள் கப்பலில் பறந்தது பஹாமாஸ் கொடி. அவள் போய் முறையிட வேண்டிய நாடு எது?

“இடம் இருந்தால்” என்ற சொல்லை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்தபோது ஆறாம் மாத வயிற்றோடு விடுப்புக் கேட்டேன். “பிரசவம் முடிந்து வாங்கம்மா, இடம் இருந்தால் பார்க்கலாம்” என்றார்கள். இடம் இருக்கவில்லை. அன்று என்னையும் படகில்தான் ஏற்றினார்கள் என்பது டீலோஸுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அதே நான்தான் அந்தக் கப்பலில் ஈரத் துண்டைத் தரையில் போட்டுவிட்டு இறங்கினேன். பெண் தனியாகப் பயணம் போவதை விடுதலை என்று கவிதை எழுதியவள் நான். அந்த விடுதலையின் மெத்தை விரிப்பை இன்னொரு பெண் மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்பதை அதில் எழுதவில்லை. பயணம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் போக வேண்டும். ஆனால் ‘புனிதம்’, ‘தூய்மை’ என்ற சொற்களை ரசித்துவிட்டு நகராதீர்கள். இந்த இடத்தைத் தூய்மையாக்க யாரை வெளியே அனுப்பினார்கள் என்று வழிகாட்டியை நிறுத்திக் கேளுங்கள். மிக்கோனோஸில் இறங்கினால் காற்றாலைகளுக்கு முன் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். டீலோஸ் கல்லறைகளிலிருந்து அகற்றி ரெனியாவில் ஒரே குழியில் கொட்டியவற்றை 1898இல் தோண்டி எடுத்தார்கள். அந்தக் கலயங்கள் அங்கே இருக்கின்றன.

கடைசி நாள் அந்தப் பெண்ணிடம் டீலோஸ் பற்றிச் சொன்னேன். மிக்கோனோஸுக்குப் பலமுறை வந்திருக்கிறாளாம். எதிரே அப்படியொரு தீவு இருப்பது அவளுக்குத் தெரியாது. இறங்கிப் போய்ப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. தலையணை உறையை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்:

“அந்தத் தீவில் அவர்களுக்கு யார் பிரசவம் பார்த்தார்கள், மேடம்?”

இருபத்தைந்து நூற்றாண்டுகளாக எழுதப்பட்டுவரும் டீலோஸ் வரலாற்றில் நான் படித்த வரைக்கும் இந்தக் கேள்வி இல்லை.