பயிற்சி வீண்செலவா?

"பராமரிப்பாளருக்குப் பணம் கட்டிப் பயிற்சி கொடுத்தால் சான்றிதழோடு சிங்கப்பூருக்குப் போய்விடுவார், நன்கொடையில் நடக்கும் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு நட்டம்." பினாங்கின் பாயான் பாருவிலும் இதே பேச்சுதான். தவறான கணக்கு.

1. ஆளை விரட்டுவது குறைந்த சம்பளம். பயிற்சி பெறாதவரும்தான் போகிறார்.

2. பக்கத்துப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் அரசோடு சேர்ந்து 1989இலேயே பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தன. ஊழியர் வேறிடம் போவார் என்று கைகட்டி நின்றனவா? இயந்திரத்தைத் தொடப் பயிற்சி வேண்டும். மனிதரைத் தூக்க வேண்டாமா?

3. அன்பு மட்டும் போதாது. விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கலாம்.

4. 2010இல் மலேசியா ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு, மறுவாழ்வுப் பணியாளருக்குத் தொடர்பயிற்சியை ஊக்குவிக்கச் சொல்கிறது.

நிர்வாகங்களே, வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் பயிற்சிக்கு அனுப்புங்கள்.