மாட்டை யார் பார்ப்பது?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் காய்ச்சல் முற்றினாலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேரத் தயங்குபவர்கள் உண்டு. ஏன்? "நான் படுத்துட்டா மாட்டை யாரு பாக்குறது?" எங்க அம்மா சொல்வதும் இதுதான். இது வீண் பிடிவாதமா? இல்லை. காலை, மாலை கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும்.

ஆகவே அறிவுரை போதாது, ஏற்பாடு வேண்டும். உடம்பு நல்லா இருக்கும்போதே அண்டை வீட்டாரிடம் பேசி வைப்போம். அவருக்கு நாம், நமக்கு அவர். புதுக் கைக்கு மாடு உதைக்கும். மாதம் இரண்டு நாள் அவரே கறந்து பழகட்டும். கறவை நேரம், தீவன அளவு, சினை ஊசி போட்ட தேதி, கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொட்டகையில் ஒட்டுவோம்.

வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். அந்தத் தாளை நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவது?