குயிசன்பெரிக்குத் தர வேண்டிய இடம்

மாவட்ட லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்குப் பல காலம் ஸ்கோர் எழுதியவன் நான். அமெரிக்க பேஸ்பால் ஸ்கோர் தாளில் வரும் ஒரு குறிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: 6-4-3. அங்கே களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பேட்டர் தரையோடு அடித்த பந்தை ஷார்ட்ஸ்டாப் (6) எடுத்து இரண்டாம் பேஸுக்கு (4) எறிகிறார். முதல் பேஸிலிருந்து ஓடி வந்தவர் அவுட். உடனே பந்து முதல் பேஸுக்கு (3) பறக்கிறது, அடித்தவரும் அவுட். ஒரே பந்தில் இரண்டு பேர் போகும் இதுதான் டபுள் பிளே. அந்தப் பந்தை வீசிய பிட்சரின் எண் 1. குறிப்பில் அந்த 1 இல்லவே இல்லை.

இந்த வழக்கத்தால் அதிகம் இழந்தவர் டான் குயிசன்பெரி என்பேன். கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் ரிலீஃப் பிட்சர் அவர். பேஸ்களில் எதிரணியினர் நிற்க, ஆட்டம் கைநழுவும் நேரத்தில் இறக்கிவிடப்படுபவர். அந்த நேரத்தில் பேட்டரை அடிக்கவே விடாமல் ஸ்ட்ரைக் அவுட் எடுத்தால் ஒருவர்தான் போவார். பந்து ஃபீல்டரிடம் உருண்டால் இருவர் போகலாம். குயிசன்பெரியிடம் வேகம் இல்லை. 1980இல் பிட்ஸ்பர்க் அணியின் கென்ட் டெகல்வியிடம் யோசனை கேட்டு, இடுப்புக்கும் கீழே கையைத் தாழ்த்தி வீசப் பழகினார். அப்படி வரும் சிங்க்கர் பந்து பேட்டர் அருகே கீழே இறங்கும். மட்டை அதன் மேல்பாதியில் பட்டு, பந்து தரையில் ஓடும். இரண்டாம் பேஸில் ஃபிராங்க் ஒயிட் காத்திருப்பார். சிறந்த ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதை எட்டு முறை பெற்றவர் அவர். பேட்டரை அடிக்கவிட்டு, பந்து போகும் திசையைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் இந்தத் திறமை, வேகத்தால் மிரட்டுவதைவிட அரிது.

1983இல் 139 இன்னிங்ஸ் வீசி 11 பேருக்கு மட்டுமே இலவசமாக முதல் பேஸைக் கொடுத்தார்; அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடிக்கும் பிட்சருக்குக் கிடைக்கும் ‘சேவ்’ கணக்கில், அன்றைய சாதனையாக 45 எடுத்தார். 1985இல் ராயல்ஸ் உலகத் தொடரை வென்றபோதும் அணியில் இருந்தார்.

அவரையும் அதே காலத்து ரிலீஃப் பிட்சர் புரூஸ் சட்டரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சட்டர் 1042 இன்னிங்ஸ், குயிசன்பெரி 1043. விட்டுக்கொடுத்த ரன் சராசரி சட்டருக்கு 2.83, இவருக்கு 2.76. சேவ் கணக்கில் சட்டர் முன்னே: 300க்கு 244. ஸ்ட்ரைக் அவுட்டிலோ பெரிய இடைவெளி: 861க்கு 379. சட்டர் 2006இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். குயிசன்பெரிக்கு 1996இல் 5 சதவீத வாக்குகூட விழாததால் வாக்குப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். இரண்டு ஆண்டுகளில், 45 வயதில், மூளைப் புற்றுநோயால் இறந்தார். பின்னாளில் ஒரு குழு அவர் பெயரை மறுபடி எடுத்தும் இடம் தரவில்லை.

ஸ்ட்ரைக் அவுட் பிட்சரின் பெயருக்கு நேரே அச்சாகிறது. டபுள் பிளேயையும் அப்படியே அச்சிட வேண்டும். பழைய ஆட்டக்காரர்களைப் பரிசீலிக்கும் குழு அடுத்த முறை கூடும்போது குயிசன்பெரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.